வாலை வெட்டி எறிந்தார்!

ஐரோப்பாவின் நடுவிலே செக் நாடு என்று ஒரு நாடு. பீருக்கும் கண்ணாடிச் சாமான்களுக்கும் பெயர் பெற்ற நாடு. பாட்டா செருப்பு பிறந்த நாடு என்றால் தோழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்!

அந்த நாட்டு மொழியிலே ஒரு வழக்கம். குடும்பப் பெயர் செர்மீன் என்றால், மகன் செர்மீன், மகளோ செர்மீனோவா. மணமாகி நோவாக் என்பவர் வீட்டுக்குப் போனால் நோவாகோவா. ஆணின் பெயர் அப்படியே நிற்கும். பெண்ணின் பெயருக்குப் பின்னே மட்டும் 'ஓவா' என்ற வால் ஒட்டிக்கொள்ளும். இன்னாரைச் சேர்ந்தவள் என்பது வாலின் பொருள். தகப்பன் வீட்டிலே ஒரு வால், கணவன் வீட்டிலே மற்றொரு வால். வால் மாறும், வால் போகாது!

அந்த வாலை 1923ஆம் ஆண்டிலே வெட்டி எறிந்தார் ஒருவர். பிறந்தபோது மரீ செர்மீனோவா. இருபத்தொரு வயதிலே டோயன். அப்பன் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை, ஓவா இல்லை. வெறும் டோயன்! அதற்குப் பின்னே ஐம்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஒரே பெயரோடு வாழ்ந்தார். அந்த ஒரே பெயரோடு மறைந்தார்.

அவர் ஓவியர். ஓவியர் என்றதும் நம் தோழர்களிலே சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆலைச் சங்கு ஊதியதும் ஓடவேண்டிய நமக்கு, எங்கோ இருந்த ஓவியரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பொறுமையோடு படியுங்கள். இது வண்ணத்தைப் பற்றிய கதை மட்டுமல்ல. ஒருவர் தம்முடைய பெயருக்குத் தாமே உரிமையாளராக இருப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கவேண்டும் என்ற கதை. ஒரு நண்பனை நான்காண்டுகள் மரணத்தின் கண்ணிலே படாமல் மறைத்து வைத்த கதை.

* * *

1902ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் பிராக் நகரிலே, ஸ்மீகோவ் பகுதியிலே பிறந்தார். ரயில் பெட்டி செய்யும் ஆலையும் பீர் வடிக்கும் ஆலையும் புகை கக்கிக்கொண்டிருந்த பகுதி அது. அப்போது செக் மக்களுக்குத் தனி ஆட்சி கிடையாது. ஆஸ்திரியப் பேரரசின் காலடியிலே கிடந்தார்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயிலே, 1918 அக்டோபர் 28ஆம் நாள், செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு பிறந்தது. 1920ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்றது. பெண்ணுக்கும் வாக்குரிமை என்றது. குடியரசின் முதல் தலைவர் மசாரிக், மனைவியின் குடும்பப் பெயரான காரிக் என்பதைத் தம் பெயரோடு சேர்த்து எழுதிய பெருந்தகை!

சட்டம் வந்தது, தலைவரும் நல்லவர். ஆனால் வீடு? வீதி? ஓவியக்கூடம்? அங்கே எல்லாம் சட்டம் உடனே நுழைந்துவிடுமா? ஏட்டிலே எழுதிய சமத்துவம் வாசற்படி தாண்டி உள்ளே வருவதற்கு யாரேனும் ஒருவர் கதவை உதைத்துத் திறக்கவேண்டும். அப்படி உதைத்தவர்களிலே ஒருவர் இந்தப் பெண்.

பதினாறு வயதிலே வீட்டை விட்டு வெளியேறினார். சோப்புத் தொழிற்சாலையிலே வேலை பார்த்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அரசுகளையே ஒழிக்கவேண்டும் என்று பேசிய இளைஞர் கூட்டத்தோடு பழக்கம். தமக்குக் குடும்பமே இல்லை என்பது போல நடந்துகொண்டார். நெருங்கிப் பழகிய நண்பர்கள்கூட அவருடைய பெற்றோரைப் பற்றி அறியவில்லை.

ஜிஷ்கோவ் என்பது பிராக் நகரின் பாட்டாளிப் பேட்டை. அந்தப் பேட்டையிலே பிறந்து வளர்ந்த கவிஞர் யாரோஸ்லாவ் சைஃபர்ட், 1984ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர், தம்முடைய நினைவுக் குறிப்புகளிலே ஒரு காட்சியைத் தீட்டுகிறார். முரட்டுத் துணியில் காற்சட்டை, தொழிலாளர் சட்டை, மண் வெட்டும் கூலிகள் அணியும் தொப்பி. இந்தக் கோலத்திலே ஒரு பெண் தெருவிலே போவதைப் பலமுறை பார்த்திருக்கிறார் அவர். யார் என்று தெரியாது. பின்னால் நண்பர்கள் அறிமுகம் செய்து வைத்தபோதுதான் தெரிந்தது, ஓவியக் கலை பயிலும் பெண் என்று!

ஆம். 1919ஆம் ஆண்டு பிராக் கைவினைக் கலைப் பள்ளியிலே சேர்ந்தார். 1922 வரை பயின்றார். பூவேலை செய்து, திரைச்சீலைக்குக் கோலம் தீட்டி, மணமானதும் தூரிகையை மூலையிலே வைத்துவிடும் மங்கையாக ஆகிவிடுவார் என்றுதான் ஊர் எண்ணியிருக்கும். ஊரின் கணக்கு தப்பிற்று.

* * *

1922ஆம் ஆண்டுக் கோடை. ஏட்ரியாடிக் கடலிலே கோர்ச்சுலா என்று ஒரு தீவு. அங்கே இந்திரிக் ஸ்திர்ஸ்கி என்ற இளம் ஓவியரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு இருபதாண்டுத் தோழமையாக மலர்ந்தது. சேர்ந்து வரைந்தார்கள், சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள், சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். சில வேலைகளுக்கு இருவர் பெயரையும் இணைத்தே கையெழுத்திட்டார்கள். கணவனா, காதலனா என்று ஊர் வாய் அலட்டிற்று. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் தொழிலிலே சரிநிகர் பங்காளிகளாக நிற்கமுடியும் என்பது ஊருக்கு அப்போது விளங்கவில்லை. சில ஊர்களுக்கு இன்றும் விளங்கவில்லை!

அந்நாளிலே பிராக் நகரில் தெவியெட்சில் என்று ஓர் இளைஞர் அணி இருந்தது. 1920 அக்டோபரிலே தோன்றியது. பெயருக்கு ஒன்பது ஆற்றல்கள் என்று பொருள் பிரிக்கலாம். ஒரு செடியின் பெயரும் அதுதான். கரெல் தைகே என்ற சிந்தனையாளர் அதன் மூளை. சைஃபர்ட், நெஸ்வல் முதலிய கவிஞர்கள் அதன் நாக்கு. கலை மாளிகைச் சுவரிலே தொங்கவேண்டியதில்லை. புத்தக அட்டையிலே, சினிமாவிலே, சர்க்கஸ் கூடாரத்திலே, ஆட்ட அரங்கிலே வாழட்டும் என்பது அந்த அணியின் கொள்கை. நெஸ்வல் அரிச்சுவடி எழுத்துகளைப் பற்றிக் கவிதை எழுதினார். மில்ச்சா மயெரோவா என்ற நடனப் பெண்மணி ஒவ்வோர் எழுத்தையும் தம் உடலாலேயே ஆடிக் காட்டினார். அதைப் படம் பிடித்து, தைகே பக்கம் அமைக்க, 1926ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்கள். அச்சகத்திலே எழுத்துக் கோப்பவர் கையிலே ஈயமாகக் கிடந்த எழுத்து, அங்கே ஒரு பெண்ணின் கையும் காலுமாக எழுந்து நின்றது! இன்றும் உலகெங்கும் அச்சுக்கலை பயில்வோர் அந்த நூலைப் பார்த்து வியக்கிறார்கள்.

இந்த அணியிலே 1923ஆம் ஆண்டு சேர்ந்தார் நம்மவர். அந்த ஆண்டிலேதான் பெயர் மாற்றம்.

டோயன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சிற்றுண்டிச் சாலையிலே உட்கார்ந்திருந்தபோது, கை துடைக்கும் தாளிலே தாமே எழுதிக் கொடுத்ததாகச் சைஃபர்ட் கூறுகிறார். பிரெஞ்சு மொழியிலே குடிமகனைக் குறிக்கும் 'சித்துவாயேன்' என்ற சொல்லின் தலையைக் கிள்ளிவிட்டு வாங்கிய பெயர் என்று வேறு பலர் கூறுகிறார்கள். 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சியிலே, பிரபு என்றும் சீமாட்டி என்றும் கூப்பிடும் வழக்கத்தை ஒழித்துவிட்டு, எல்லோரையும் அழைப்பதற்கு மக்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. எப்படிப் பிறந்த பெயராயினும், அது ஆண் பெயரும் அல்ல, பெண் பெயரும் அல்ல.

பெயரோடு நிற்கவில்லை. தமிழிலே ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் 'நான் வந்தேன்' என்பது ஒன்றுதான். செக் மொழியில் அப்படி இல்லை. வந்தேன், போனேன், வரைந்தேன் என்று நடந்ததைச் சொல்லும்போது ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு வேறொரு முடிவு. வாயைத் திறந்தாலே ஆணா பெண்ணா என்று அறிவித்தாக வேண்டும். டோயன் தம்மைப் பற்றிப் பேசும்போது ஆண்பால் முடிவையே பயன்படுத்தினார். கேட்டவர் திகைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பெண் என்ற கூட்டுக்குள்ளே தம்மை அடைக்க எவரையும் அவர் விடவில்லை என்பது மட்டும் திண்ணம்.

ஆகவே அம்மையார் என்று நாம் எழுதினால்கூட அவருக்குப் பிடித்திருக்காது. நல்ல வேளையாக, நம் தமிழிலே 'அவர்' என்ற மரியாதைச் சொல் இருக்கிறது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை அந்தச் சொல்லிலே. மதிப்பு மட்டும் இருக்கிறது. அந்தச் சொல்லாலேயே அழைப்போம்.

* * *

1925ஆம் ஆண்டு முடிவிலே ஸ்திர்ஸ்கியும் டோயனும் பாரிஸ் நகரம் போனார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கே. கலையின் தலைநகரம் அல்லவா? உலகத்து ஓவியர் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருந்த நகரம். அங்கே போய்ப் பிறருக்குப் பின்பாட்டுப் பாடாமல், ஆர்டிபிஷலிசம் என்ற புது வழியையே இருவரும் அறிவித்தார்கள்.

அது என்ன வழி? மரத்தைப் பார்த்து மரத்தை வரைவது அல்ல. வட்டமும் கோடும் மட்டும் போட்டு விளையாடுவதும் அல்ல. கண்டதைக் கண்ணிலிருந்து நீக்கிவிட்டு, அது நெஞ்சிலே விட்டுச்சென்ற சுவட்டை மட்டும் வரைவது. மழை நின்றபின் மண்ணிலே நிற்கும் மணம் போல! ஓவியரும் கவிஞரும் ஒன்றே என்றார்கள். வண்ணத்தைக் கெட்டியாக அப்பினார்கள். வலை, தகடு முதலியவற்றை வைத்து, அவற்றின் மேலே வண்ணத்தைத் தெளித்து, எடுத்தபின் எஞ்சும் நிழலைப் படமாக்கினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரும் பெயர்ப்பலகை எழுதுபவரும் அறிந்த வேலைமுறைதான். கையால் உழைப்பவரின் நுட்பத்தை ஓவியக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

வயிறு? பாரிஸைச் சுற்றிப் பார்க்க வரும் செக் மக்களுக்காக, மற்றொரு நண்பரோடு சேர்ந்து ஒரு வழிகாட்டி நூல் எழுதினார்கள். 1927ஆம் ஆண்டு அது வெளிவந்தது. நாடு திரும்பியபின் புத்தக அட்டைகளும் உட்படங்களும் வரைந்து கொடுத்துத்தான் டோயன் பிழைத்தார். மாளிகை வாங்கும் ஓவியம் அல்ல அவருக்குச் சோறு போட்டது. மாதச் சம்பளக்காரன் வாங்கிப் படிக்கும் புத்தகத்தின் மேலட்டைதான் சோறு போட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண் பெண் உறவைப் பற்றியும் உடலைப் பற்றியும் அவர் படங்கள் வரைந்தார், கூச்சமின்றி. ஸ்திர்ஸ்கி வெளியிட்ட தனிச்சுற்று ஏட்டிலே அவை இடம்பெற்றன. பெண்ணின் உடலை ஆண் ஓவியர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக வரைந்து தள்ளினார்கள். அரண்மனைச் சுவரிலே மாட்டினார்கள். அரசர்கள் பார்த்து மகிழ்ந்தார்கள். அதற்குப் பெயர் கலை! ஒரு பெண் தன் ஆசையைத் தானே வரைந்ததும், அதற்குப் பெயர் வெட்கக்கேடு! பார்க்கும் உரிமை ஒரு சாராருக்கு, பார்க்கப்படும் கடமை மறு சாராருக்கு என்ற பங்கீட்டை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

* * *

1934 மார்ச் 21ஆம் நாள் செக்கோஸ்லோவாக்கியச் சர்ரியலிஸ்டுக் குழு பிராக் நகரிலே அமைந்தது. நெஸ்வல் முன்னின்றார், டோயன், ஸ்திர்ஸ்கி இருவரும் அதன் தூண்கள். சர்ரியலிசம் என்பது பாரிஸிலே ஆந்திரே பிரெத்தோன் தொடங்கிய இயக்கம். விழித்திருக்கும்போது மனிதன் அடக்கி வைக்கும் ஆசையும் அச்சமும் கனவிலே கட்டவிழ்ந்து வருகின்றன அல்லவா? அந்தக் கனவுக்கு வாய் கொடுப்போம். மனிதனை அடக்கி வைக்கும் சமுதாயத்தையும் மாற்றுவோம் என்பது அவர்களுடைய முழக்கம். 1935ஆம் ஆண்டு பிரெத்தோனும் கவிஞர் எலுவாரும் பிராக் வந்தார்கள். டோயனின் படங்களைப் பார்த்தார்கள். அன்று தொடங்கிய நட்பு பிரெத்தோன் சாகும்வரை முறியவில்லை.

அந்நாளைய படம் ஒன்று. 1937ஆம் ஆண்டு வரைந்தது. தூங்குபவள் என்பது அதன் பெயர். சாம்பல் நிறப் பொட்டல். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். கையிலே வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் வலை. உற்றுப் பார்த்தால் ஆடைக்குள்ளே ஆளே இல்லை! உடுப்பு நிற்கிறது, தலைமுடி நிற்கிறது, உள்ளே வெறும் வெளி. இந்தப் படத்தைப் புரிந்துகொள்ளக் கல்லூரிப் பட்டம் வேண்டுமா? ஊர் சொன்னபடி உடுத்தி, ஊர் சொன்னபடி நடந்து, உள்ளே தான் என்று ஒருத்தி இல்லாமல் போன பெண்ணை நாம் பார்த்ததில்லையா?

1938ஆம் ஆண்டு குழுவுக்குள் பிளவு. சோவியத் நாட்டிலே ஸ்டாலின் நடத்திய வழக்குகளையும் தூக்குகளையும் நெஸ்வல் ஆதரித்தார், மற்றவர்கள் மறுத்தார்கள். நெஸ்வல் தாமே குழுவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். டோயன், ஸ்திர்ஸ்கி, தைகே ஆகியோர் கலையவில்லை. அவர் போனார், குழு நின்றது.

* * *

அடுத்த ஆண்டு இடி விழுந்தது.

1939 மார்ச் 15ஆம் நாள் இட்லரின் படை பிராக் நகருக்குள் புகுந்தது. இத்தகைய ஓவியங்களுக்குச் சீரழிந்த கலை என்று பெயர் சூட்டி, 1937ஆம் ஆண்டே மியூனிக் நகரில் கேலிக் கண்காட்சி நடத்திய கூட்டம் அது. டோயன் இனிக் கண்காட்சி வைக்க முடியாது. கொள்கையை அச்சிட முடியாது. பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. தமது சிறு வீட்டுக்குள்ளே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்.

இந்திரிக் ஹைஸ்லர் என்று ஓர் இளங்கவிஞர். 1914ஆம் ஆண்டு பிறந்தவர். குழுவிலே புதிதாகச் சேர்ந்தவர். யூத மரபினர். 1941ஆம் ஆண்டு முதல் செக் நாட்டு யூதர்களைச் சாரி சாரியாக ரயிலிலே ஏற்றினார்கள். தெரெஜீன் முகாம், அங்கிருந்து கிழக்கே, கிழக்கே என்றால் சாவு. கொல்லப்பட்ட செக் யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேர். பிராக் நகரின் பின்காஸ் தொழுகைக்கூடத்துச் சுவர்களிலே அவர்களுடைய பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர் முழுதும் பெயர், பெயர், பெயர்!

அந்தச் சுவரிலே ஹைஸ்லரின் பெயர் இல்லை. ஏன்? அவர் ரயிலடிக்குப் போகவில்லை. மறைந்து வாழ்ந்தார். போர் முடியும்வரை, பெரும்பகுதிக் காலம் அவர் மறைந்திருந்தது டோயன் வீட்டிலே!

வீடு என்றால் தோட்டமும் துரவும் உள்ள வீடு அல்ல. நகரத்திலே, பலர் குடியிருக்கும் கட்டடத்திலே, சிறிய குடியிருப்பு. மேலே ஆள், கீழே ஆள், சுவருக்கு அப்பால் ஆள். யாரேனும் கதவைத் தட்டினால் ஹைஸ்லர் குளியலறைக்குள்ளே போய் ஒளிந்துகொள்ள வேண்டும். இருமல் வந்தால் அடக்கவேண்டும். பங்கீட்டுச் சீட்டுக் காலம்; பதிவில் இல்லாத ஒருவருக்குச் சீட்டு ஏது? ஒருவர் சோற்றை இருவர் பங்கிட வேண்டும்.

1942 மார்ச் 21ஆம் நாள் ஸ்திர்ஸ்கி நோயால் இறந்தார். வயது 42. எட்டாண்டுகளுக்கு முன்பு குழு பிறந்த அதே மார்ச் 21! இருபதாண்டுத் தோழனைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினால், அங்கே மறைவிலே இருக்கும் மற்றொரு தோழன். அழுவதற்குக்கூட அடக்கி அழவேண்டும்.

இரண்டு திங்கள் கழித்து, மே 27ஆம் நாள், நாஜி ஆளுநன் ஹைட்ரிக் மீது பிராக் வீதியிலே செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள் குண்டு வீசினார்கள். ஜூன் 4ஆம் நாள் அவன் செத்தான். நகரமே நடுங்கிற்று. ஊரடங்கு! வீடு வீடாகச் சோதனை! பதிவு செய்யாத ஆளை வீட்டிலே வைத்திருப்போர் குடும்பத்தோடு சுடப்படுவர் என்று அறிவிப்பு! வெற்று மிரட்டல் அல்ல அது. லிடிட்சே என்ற சிற்றூரை, தவறான சந்தேகத்தின் பேரிலே, ஜூன் 10ஆம் நாள் தரைமட்டமாக்கி, அங்கேயே 173 ஆண்களைச் சுட்டுத் தள்ளினார்கள்.

அந்த நாட்களிலே டோயன் என்ன செய்திருக்கலாம்? வெளியே போ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க முடியாது. ஹைஸ்லர் உடன்பிறந்தவர் அல்ல, கணவர் அல்ல, உறவு அல்ல. குழுவிலே சேர்ந்து சில ஆண்டுகளே ஆன தோழர். அந்த ஒரு சொல்லை டோயன் சொல்லவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு மீண்டும் வரைய உட்கார்ந்தார். தமக்குக் குடும்பமே இல்லை என்று காட்டிக்கொண்டவர், தோழனுக்காகத் தம் தலையையே ஈடு வைத்தார்!

குளியலறையிலே ஒளிந்தவரும் சும்மா இருக்கவில்லை. எழுதினார், பொம்மைகளையும் காகிதத்தையும் அடுக்கி, புகைப்படங்களாகக் கவிதை செய்தார். டோயன் கோட்டோவியங்கள் வரைந்தார். குறிபார்த்துச் சுடும் திருவிழாக் கடையை வைத்து 1939, 1940ஆம் ஆண்டுகளிலே ஒரு வரிசை; பன்னிரண்டு படங்கள். உடைந்த பொம்மை, செத்த பறவை, பொட்டல் வெளியிலே பெண் குழந்தை. விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பிணக்கோலம் பூண்டிருக்கும். 1942ஆம் ஆண்டு, கேடு சூழ்ந்த வேளை என்ற வண்ண ஓவியம்: கழுகு ஒன்று; அதற்கு மனிதக் கைகள்; கண்ணாடிச் சில்லு பதித்த மதில்மேலே அந்தக் கைகள்! கழுகு யாருடைய சின்னம் என்று அன்று பிராகிலே எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. 1944ஆம் ஆண்டு, போரே ஒளிந்துகொள் என்ற தலைப்பிலே ஒன்பது படங்கள். எலும்புக்கூடான விலங்குகள் வெறும் நிலத்திலே திரியும்.

இந்தப் படங்களிலே துப்பாக்கி இல்லை, இரும்புத் தொப்பி இல்லை, குருதி இல்லை. ஆனால் போரின் கொடுமையைக் காட்ட இவற்றைவிட மிஞ்சிய படங்கள் குறைவு. கண்டுபிடித்தால் படத்துக்கு ஒரு தண்டனை, படம் வரைந்த அறையிலே இருந்தவருக்காக மற்றொரு தண்டனை. இரண்டுக்கும் அஞ்சாமல் ஓடிய கோடுகள் அவை.

1945 மே திங்களிலே பிராக் எழுந்தது, நாஜிகள் ஒழிந்தார்கள். ஹைஸ்லர் உயிரோடு வெளியே வந்தார். அந்த ஆண்டு டோயன் வரைந்த படத்துக்கு இளவேனில் முன்பொழுது என்று பெயர் சொல்லலாம். வறண்ட நிலம், வரிசை வரிசையாகக் கல் குவித்த சமாதிகள், அவற்றின்மேலே வண்ணத்துப்பூச்சிகள். வெற்றி விழாக் கொண்டாடிய நேரத்திலே சமாதியை எண்ணிப் பார்த்த கண் அது.

* * *

வெற்றிக்குப் பின்னாவது நிம்மதி உண்டா? இல்லை.

1947ஆம் ஆண்டு டோயனும் ஹைஸ்லரும் பாரிஸ் போனார்கள். 1948 பிப்ரவரியிலே செக்கோஸ்லோவாக்கியாவிலே கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைத் தனதாக்கிக்கொண்டது. இருவரும் பிராக் திரும்பவில்லை.

திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தங்கியவர்களுக்கு ஆனதைப் பாருங்கள். ஜாவிஷ் கலாந்த்ரா என்ற பத்திரிகையாளர். சர்ரியலிஸ்டுகளின் நண்பர். கம்யூனிஸ்டாக இருந்து, ஸ்டாலினின் வழக்குகளைக் கண்டித்ததால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். நாஜி முகாமிலே ஆண்டுக்கணக்கிலே கிடந்து உயிர் தப்பியவர். அவரை 1950 ஜூன் 27ஆம் நாள், மிலாடா ஹொராக்கோவா என்ற பெண் தலைவர் உட்பட நால்வர் தூக்கிலே, ஒருவராகத் தூக்கிலிட்டார்கள். நாஜி கொல்லாமல் விட்டவரை நாட்டவர் கொன்றார்கள்! காப்பாற்றக் குரல் கொடுக்குமாறு பிரெத்தோன் எலுவாரைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். 1935ஆம் ஆண்டு இருவரும் பிராக் வந்தபோது கலாந்த்ராவோடு பழகியவர்கள்தான். எலுவார் மறுத்துவிட்டார். தைகேயை ஏடுகளிலே வேட்டையாடினார்கள். 1951ஆம் ஆண்டு மாரடைப்பால் இறந்தார். நெஸ்வலோ ஸ்டாலினைப் போற்றிக் கவிதை பாடிப் பெருமை பெற்றார்.

கொள்கை என்று கூடினவர்கள். ஒரே மேசையிலே உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள். ஒருவர் தூக்கு மேடையிலே, ஒருவர் அரச மேடையிலே. இந்த இடத்திலேதான் கட்சித் தோழர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும். கொள்கை பெரிதா, தலைமை பெரிதா என்ற கேள்வி வரும்போது, கொள்கையைச் சொல்லித்தான் தோழனைக் காட்டிக்கொடுப்பார்கள். டோயன் மேடை ஏறியவர் அல்லர்; முழக்கம் எழுப்பியவர் அல்லர். ஆனால் தோழன் என்ற சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

1953ஆம் ஆண்டு சனவரியிலே ஹைஸ்லர் பாரிஸிலே மாரடைப்பால் மறைந்தார். வயது 38. நாஜியின் கையிலிருந்து காத்தவரை நோயின் கையிலிருந்து காக்க முடியவில்லை. அதே ஆண்டிலே, பிரெத்தோனும் பெரேயும் ஹைஸ்லரும் எழுதிய கட்டுரைகளோடு டோயனைப் பற்றிய நூல் பாரிஸிலே வெளிவந்தது.

அதற்குப்பின் இருபத்தேழு ஆண்டுகள் அந்நிய மண்ணிலே. வரைந்துகொண்டே இருந்தார். சிறு நண்பர் குழு, அடக்கமான வாழ்க்கை, பேட்டி இல்லை, தன்வரலாறு இல்லை, தம் படத்துக்கு விளக்கம்கூட இல்லை. 1980 நவம்பர் 9ஆம் நாள் பாரிஸிலே காலமானார். வயது 78. பாத்திஞ்ஞோல் இடுகாட்டிலே, பிரெத்தோனும் பெரேயும் துயிலும் அதே மண்ணிலே, அவரையும் அடக்கம் செய்தார்கள்.

* * *

1989ஆம் ஆண்டு ஆட்சி மாறியபின் தாய்நாடு அவரைத் தேடத் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டு பிராக் தேசியக் கலைக்கூடம் பெருங்கண்காட்சி வைத்தது. கனவு காணும் கலகக்காரர் என்ற பொருள் வரும் பெயர் அதற்கு. அது ஹாம்பர்க் போய், 2022ஆம் ஆண்டு பாரிஸ் போயிற்று. புத்தக அட்டை வரைந்து வயிறு வளர்த்தவரின் ஓவியங்களைக் கோடிக்கணக்கான கொருனா கொடுத்து ஏலத்திலே எடுக்கிறார்கள். பணம் படைத்தவர் வாங்கட்டும், மாட்டிக்கொள்ளட்டும். அதிலே நமக்கு வியப்பு இல்லை. செத்தவரின் தூரிகைக்கு விலை வைப்பது எளிது.

நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி வேறொன்று. அதே 2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், செக் நாட்டிலே எந்தப் பெண்ணும் விரும்பினால் 'ஓவா' என்ற வால் இல்லாமல் குடும்பப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு அயல்நாட்டவரை மணந்தோர் போன்ற சிலருக்கு மட்டுமே அந்த விலக்கு.

1923 எங்கே, 2022 எங்கே? இடையிலே 99 ஆண்டுகள்! ஓர் இளம்பெண் ஒருநாளிலே செய்து முடித்ததை, ஓர் அரசாங்கம் செய்து முடிக்க 99 ஆண்டுகள் ஆயிற்று. சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், செர்மீனோவாவாகவே செத்திருப்பார்.

ஓவியம் நமக்குப் புரியுமா என்று கேட்ட தோழருக்குச் சொல்கிறோம்: கழுகின் கைகளை நினைத்துப் பாருங்கள். ஆள் இல்லாத ஆடையை நினைத்துப் பாருங்கள். தாழிட்ட கதவையும், அதற்குப் பின்னே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவரையும், கதவுக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த மற்றொருவரையும் நினைத்துப் பாருங்கள். இதிலே புரியாதது என்ன இருக்கிறது?

பெயரைத் தாமே தேர்ந்தார். தோழரைத் தாமே தேர்ந்தார். இரண்டையும் கடைசி மூச்சுவரை கைவிடவில்லை. அவர்தான் டோயன்!